ஸ்டோருக்கு மட்டும் விளக்கு

"அந்த விளக்கு எதுக்குய்யா மின்னுது?" என்றார் மேனேஜர்.

லிஃப்ட் உதிரி பாகங்கள் அனுப்பும் அலுவலகம் அது. ஸ்டோரில் அலமாரிக்கு மேலே இருந்த சின்னச் சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னி அணைந்தது. ஸ்டோர் அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள்.

"மெயில் வந்தா எரியும் சார்," என்றான் சர்வர்.

சர்வர் அவனுடைய பெயர் இல்லை. அலுவலகத்து சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் ஒட்டிக்கொண்டது. புதிதாக வருகிறவர்கள் அவனிடம் காபி கேட்பதும் உண்டு.

"எல்லா மேஜைக்கும் மணிதானே வச்சே? அங்க மட்டும் என்ன விளக்கு?"

"சும்மா, ஒரு சோதனைக்கு சார்."

"எத்தனை மாசமா சோதனை?"

சர்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். மேனேஜருக்குப் பொறி தட்டியது.

விஷயம் சின்னதுதான். சர்வர் கம்ப்யூட்டரில் ஒரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்குப் புது மெயில் வந்தாலும் அவருடைய மேஜையில் மணி அடிக்கும். எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால், ரிப்பேர்காரர் பாகம் கேட்டு மெயில் போடுவார். தாமதிக்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நிரலை அமைத்தவன் சர்வர். அவன் நினைத்தால் யாருக்கு வேண்டுமானாலும் மணி அடிக்கலாம், விளக்கும் காட்டலாம்.

அதுதான் மேனேஜரை உறுத்தியது. பட்டப்பகலில், ஆபீஸ் மின்சாரத்தில், விளக்குக் காட்டிக் கூப்பிடுகிறானா?

அதற்கப்புறம் அவர் கண் ஸ்டோரை விட்டு நகரவில்லை. சந்தேகம் புகுந்துவிட்டால் மனுஷனுக்கு வேறு வேலை ஓடாது. சர்வர் பேசும்போது அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் நேர் எதிரில் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினான்.

மேனேஜர் கூப்பிட்டால் மட்டும் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தன் அறைக் கண்ணாடிக் கதவைத் திறந்து, "ஏம்மா ஸ்டோர்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். அவள் முதுகுதான் பதில் சொல்லும்.

"இந்த வயசுல என்ன திமிர் பாருங்க," என்று அக்கவுண்டன்ட்டிடம் புலம்பினார்.

"பாவம் சார். காலேஜ் படிக்கிற பிள்ளைங்க இருக்கு. வீட்டுக்காரரும் இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன். வீட்டுக்காரரும் இல்லை."

மேலிடம் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லியிருந்தது. யாரைச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு ஆள் கிடைத்துவிட்டாள். இனி கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை சர்வர் அறைக்கே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்டோர் விளக்கை எடுத்துட்டு மணி வை."

"சார், அது வந்து..."

"என் கண் முன்னாடி வை."

சர்வர் அமைப்புக் கோப்பைத் திறந்தான். ஸ்டோர் என்ற வரியில் 'விளக்கு' இருந்த இடத்தில் 'மணி' என்று தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"யாருக்குக் காது குத்தறே? நிரலை நிறுத்தித் திரும்ப ஓட விட்டாத்தானே மாத்தினது எடுக்கும்? போன தடவை நீதானே சொன்னே."

வேறு வழியில்லாமல் நிரலை நிறுத்தித் திரும்ப ஓட விட்டான். அவன் முழியே சரியில்லை என்று மேனேஜர் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"வா என்கூட."

இருவரும் ஸ்டோர் வாசலில் போய் நின்றார்கள். அக்கா முதுகைக் காட்டியபடி திருகாணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் போனில் ஒரு மெயில் தட்டினார்: 'உடனே என் அறைக்கு வரவும்.'

சுவரில் சும்மா கிடந்த பழைய மணி அடித்தது. கூடம் முழுக்கத் தலை நிமிர்ந்தது. அக்கா நிமிரவில்லை.

"பார்த்தியா திமிரை?" என்று சர்வரிடம் சொல்லிவிட்டு இன்னொரு மெயில் அனுப்பினார். அவள் தலைக்கு மேலேயே மணி அலறியது.

அப்போது அக்கா நிமிர்ந்தாள். மணியைப் பார்க்கவில்லை. அலமாரி மேல் எரியாமல் இருந்த விளக்கைப் பார்த்தாள். குனிந்து நாலு திருகாணி அடுக்கினாள். மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

மேனேஜரின் விரல் போன் மேலேயே நின்றுவிட்டது.

"காது சுத்தமாப் போயிடுச்சு சார்," என்றான் சர்வர், தரையைப் பார்த்துக்கொண்டு. "வாயைப் பார்த்துதான் புரிஞ்சுக்கிறாங்க. வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். இதுவரைக்கும் ஒரு பாகம்கூட லேட்டாப் போனதில்லை."

மேனேஜருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. கூடத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த மணிச் சத்தம் மண்டையைப் பிளக்குது. எல்லா மேஜைக்கும் விளக்கே போட்டுடு. என் மேஜைக்கும்."

"மேலிடத்துல ஆளைக் குறைக்கச் சொன்னாங்களே சார்?" என்றான் சர்வர் மெதுவாக.

"இங்க குறைக்கிறதுக்கு மணி மட்டும்தான் இருக்குன்னு சொல்லிக்கிறேன். நீ போய் வேலையைப் பாரு."

பிறகு உள்ளே போய் அக்காவுக்கு நேர் எதிரே நின்றார். அவள் பதறி எழுந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. விளக்குல சின்ன ரிப்பேர். இப்போ சரியாயிடும்," என்றார் நிறுத்தி நிதானமாக.

அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மலர்ந்தது.

"இத்தனை நாள்ல நீங்க என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதே இல்லையே சார். என் மேல என்ன கோபமோன்னு தினமும் பயந்துக்கிட்டே இருந்தேன்."