தலைகீழ் நாற்பத்தேழு

"இது உங்க கைவேலைதானா?" என்றார் நடுவர், பூதக்கண்ணாடியை இறக்காமல்.

மாதிரிப் போர் விமானங்களுக்கான போட்டி அது. பெயின்ட் அத்தனை கச்சிதம். ஆனால் இறக்கையில், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிய 47 என்ற ஸ்டிக்கர் தலைகீழாக இருந்தது. பெயின்ட் அடிக்க ஆள் வைத்துவிட்டு, எதிரே நின்ற பெரியவர் ஸ்டிக்கரில் மாட்டிக்கொண்டார் என்று நடுவருக்குப் பொறி தட்டியது.

"எல்லாம் நான் பண்ணினதுதாங்க."

"நம்பர் தலைகீழா இருக்கே! காதுல பூ சுத்தாதீங்க."

"நிஜ விமானத்துலயும் அப்படித்தாங்க இருந்துச்சு."

"எந்த மடையன் அப்படி எழுதுவான்?"

"நான்தாங்க. அப்போ விமானப்படையில பெயின்டர். உடனே கிளம்பணும்னு அவசரப்படுத்தினாங்க. இறக்கைக்கு எதிர்ப்பக்கம் நின்னு எழுதிட்டேன். 'வந்ததும் மாத்திக்கலாம்'னு பைலட் சிரிச்சுக்கிட்டே ஏறினார்."

நடுவர் பூதக்கண்ணாடியை இறக்கினார்.

"இன்னும் வரலைங்க."