இன்னொரு குடை

“தெரியுதாடா கண்ணு? இன்னும் கிட்ட கொண்டு வரட்டுமா?”

பட மிஸ் ஓவியத்தை அந்தச் சிறுமியின் மூக்கு வரைக்கும் நீட்டினாள். சோடாபுட்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிறுமி, “தெரியுது மிஸ்” என்றாள்.

நூலகத்தின் மாடியில் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, அதிலிருக்கும் கதையை அவர்கள் வாயாலேயே வரவழைப்பதுதான் அவள் வேலை. பட மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். யாரு, என்ன பண்றாங்க, ஏன் என்று கேட்பாளே தவிர, அவர்கள் தலைகீழாக நின்றாலும் கதையைத் தானாகச் சொல்லிவிட மாட்டாள்.

இந்தச் சிறுமி விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமையெல்லாம் பறந்துவிட்டது. சேர்த்துவிட வந்த அன்றே தாய் கண்கலங்கிச் சொன்னாள்: “டாக்டர் கைய விரிச்சுட்டார் மிஸ். பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம். அதுக்குள்ள இவ படம் பார்த்துக் கதை சொல்லக் கத்துக்கணும். புஸ்தகமும் படமும்தான் எங்க ரெண்டு பேருக்கும் உசுரு.”

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் துருவிக் கேட்கவா முடியும்? பட மிஸ் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் விக்கி விக்கி அழுதாள். இத்தனூண்டு பிள்ளைக்கா இப்படி வரணும்!

அன்றிலிருந்து அலமாரியில் இருந்த வண்ணப் படங்களை வாரி வாரிக் காட்டினாள். கடல், காடு, சர்க்கஸ்... பார்வை இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிடட்டும் என்ற தவிப்பு. தாய்க்கோ அது பிடிக்கவில்லை.

“நிறைய வேண்டாம் மிஸ். ஒண்ணு காட்டினா போதும். பாக்காதவங்களுக்கும் புரியற மாதிரி இவ அதைச் சொல்லணும்.”

இன்று மகள் ஒரு படி முன்னால் ஏறிவர, தாயின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. பிள்ளை விழுந்துவிடுமோ என்று பயம் போலிருக்கிறது. நாள் நெருங்கிவிட்டது என்று பட மிஸ் நினைத்துக்கொண்டாள்.

“சொல்லு, படத்துல என்ன இருக்கு?”

“மழை. ஒரு அம்மா குடை பிடிச்சுட்டு நிக்கிறாங்க. ரயில் வருது. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா? ஒழுங்கா பாருடி!” தாயின் குரல் உடைந்தது. “இப்படிச் சொன்னா என்னடி தெரியும்?”

“திட்டாதீங்கம்மா.” பட மிஸ் சிறுமியின் பக்கத்தில் மண்டியிட்டாள். “அவங்க ஏன் அங்க நிக்கிறாங்க? நல்லாப் பாருடா.”

சிறுமி உற்றுப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

“கக்கத்துல இன்னொரு குடை இருக்கு! சின்னது, மஞ்சக் கலரு, பூப் போட்டது. அப்ப அவங்க ஊருக்குப் போகலம்மா. அவங்க பாப்பா ரயில்ல வருது. அது நனையக் கூடாதுன்னு குடை எடுத்துட்டு வந்திருக்காங்க. ரொம்ப நேரமா நிக்கிறாங்க போல, செருப்பெல்லாம் ஊறிப்போச்சு.”

“போதும்டி தங்கம்” என்றாள் தாய்.

பட மிஸ்ஸால் தாங்க முடியவில்லை. சிறுமியை இழுத்து அணைத்துக்கொண்டாள். “கண்ணு தெரியாம போனாலும் இந்தப் படம் உனக்குள்ளயே இருக்கும்டா. யாராலயும் பிடுங்க முடியாது.”

எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் தாய் உட்கார்ந்திருந்தாள். சன்னல் வெளிச்சம் முழுக்க மிஸ்ஸின் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தை நேராகப் பார்த்தபடி தாய் கேட்டாள்:

“பாப்பா, மிஸ் ஏன் பேச மாட்டேங்கறாங்க? என்ன பண்றாங்க?”

சிறுமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மிஸ்ஸை நிதானமாகப் பார்த்தாள்.

“அழறாங்கம்மா. கண்ணு எனக்குத்தான் போகப்போகுதுன்னு நெனச்சுட்டாங்க.”