கதவு போட்டுக்கொடுத்தது

எங்கள் குடியிருப்பின் கதவுகளுக்கு மனிதர்களின் பயம் தெரியும். பயந்துகொண்டு வருபவர் தப்புச் செய்யத்தான் வருவாராம். அவருக்குக் கதவு தானாகத் திறக்காது.

நோன்பு மாதத்தின் முதல் மாலை, எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த ஹபீபா தூக்குவாளியோடு நின்றாள்.

"வந்திருப்பவருக்குப் பயம் நூற்றுக்கு எண்பது. எச்சரிக்கை!" என்றது கதவு.

'அவங்க ஆளுங்ககிட்ட ஜாக்கிரதை' என்று நாத்தனார் ஏற்கெனவே ஓதியிருந்தாள். ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்ன வேணும்?" என்றேன்.

"உள்ளே இருப்பவருக்குத் தொண்ணூறு," என்று அவளிடம் போட்டுக்கொடுத்தது கதவு.

ஹபீபா சிரித்துவிட்டாள். "நோன்புக் கஞ்சி, அக்கா. தவக்காலத்துல நீங்க கறி தொடமாட்டீங்களாமே? உங்களுக்குன்னு கறி போடாம தனியா காய்ச்சினேன். கரண்டி மாறிப்போச்சோன்னுதான் பயம்."

வெட்கத்தோடு நானே தாழ்ப்பாளை நீக்கினேன்.

மறுநாள், தூக்குவாளியை வெறுமனே கொடுக்க மனம் வராமல் கேசரி நிரப்பி, நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவள் வாசலில் நின்றேன்.

"வந்திருப்பவருக்குப் பயம் எழுபது!"

"இன்னுமா அக்கா பயம்?" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ஹபீபா.

"உன்னைப் பார்த்து இல்லடி. கேசரி அடிப்பிடிச்சிருச்சு!"