ஓர் அலை பாக்கி

என்னை முதலில் ஏமாற்றியது கடல்தான். "இதோ வந்துவிடுகிறேன், நீ அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. நானும் இந்தப் பாறையில் ஒட்டியபடியே இருந்தேன். சதை போய், ஓடு கல்லான பிறகும் பிடியை விடவில்லை. இப்போது என்னைச் சுற்றி முந்திரி மரங்கள்.

எங்களுக்கு நடுவே தூது போவது ஓர் ஆலாப் பறவை.

"சிப்பி மாமா, கடல் அவ்வளவு உயரத்துக்கு ஏறினதே இல்லையாம். கிழவனுக்கு மூளையும் கல்லாகிவிட்டது என்று கடல் சிரிக்கிறது."

"சிரிக்கும், சிரிக்கும்."

"பேசாமல் கீழே உருண்டு வாருமேன். நேரிலேயே கேட்டுவிடலாம்."

"நான் நகர்ந்துவிட்டால் அது இங்கே வந்ததற்குச் சாட்சி ஏது?"

ஒருநாள் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். பாறையின் உயரத்தை அளந்தாள். வயது பார்க்க என் ஓட்டில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டாள். "இந்தச் சிப்பி அலை தொடும் இடத்தில்தான் ஒட்டும். அப்படியானால் அன்றைக்குக் கடல் இந்த மட்டத்தில் நின்றிருக்கிறது" என்று கூட வந்தவரிடம் சொன்னாள்.

அதைக் கேட்டதும் ஆலா பறந்தது. சாயங்காலம் நனைந்த இறகோடு திரும்பியது.

"ஒத்துக்கொண்டது மாமா. 'பாவி, இன்னுமா அங்கேயே இருக்கிறான்?' என்று கேட்டது."

"வருகிறதாமா?"

"இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லச் சொன்னது."

அதன் இறகிலிருந்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் என்மேல் விழுந்தது. சுகமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. எனக்கு வரவேண்டியது முழுதாக ஓர் அலை.