விசிலடிக்காத ஃபில்டர்

பிக்கப் வண்டிக்கு ஏர் ஃபில்டர் வாங்க நாச்சிமுத்து உதிரிபாகக் கடைக்கு வந்தார். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்து, எது அதிகம் உழைக்கும், எதைக் கழுவிப் போடலாம் என்று சொல்லத் தொடங்கினார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. விசில் சத்தம் வராதது எதுங்க?"

வண்டியில் இருந்தது மகன் தரணி ஆசையாக மாட்டிய கூம்பு ஃபில்டர். தெருமுனையிலேயே விசிலடிக்கும். தரணிக்குக் காரியம் செய்து முடித்து, வண்டியை அவரே ஓட்டத் தொடங்கிய பிறகும், அந்த விசில் கேட்டதும் மனைவி சரசாள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்துவிடுகிறாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறாள். தினமும் அந்த முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

சாதாரணக் காகித ஃபில்டரை மாட்டினார்கள்.

"பழசைக் கொண்டுபோறீங்களா?"

"எடைக்குப் போட்டுருங்க."

அன்று சாயங்காலம் வண்டி விசிலில்லாமல் வந்து நின்றது. வாசலுக்கு யாரும் வரவில்லை. உள்ளே சரசாள் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க," என்றாள். "இத்தனை நாளும் ஒரு நிமிசமாச்சும் வந்துட்டுப் போனான். இன்னைக்கு வரவே இல்லீங்களே."