தண்ணீருக்கு அடியில் ஒன்றுமில்லை

"மாப்ள, மூணாவது சீட்டைத் திரும்பிப் பார்க்காம பாரு" என்றார் டிரைவர், குரலைத் தாழ்த்தி. "அணையையும் போட்டோ எடுக்கல, பூந்தோட்டத்தையும் எடுக்கல. உன் வாயையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க."

கைடு கண்ணாடியில் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. தனியாக வந்திருந்தார். சுற்றுலா பஸ்ஸில் தனியாக யார் வருவார்கள்?

"ஆபீஸ் ஆளா இருக்குமோ மச்சான்?"

"அதுல சந்தேகம் வேறயா? டூரிஸ்ட் மாதிரி ஆள் அனுப்புவேன்னு மேனேஜர் சொன்னாரா இல்லையா? இன்னிக்கு ஒரு நாள் வாயை அடக்கு. இந்த வேலையும் போச்சுன்னா என் தங்கச்சி உன்னை விட்டுட்டு என்னைத்தான் பிடிச்சுக்குவா."

நகரத்திலிருந்து காலையில் புறப்பட்டு, செயற்கை ஏரியைச் சுற்றி ஐந்து இடங்களைக் காட்டிவிட்டு மாலையில் திரும்பும் பஸ் அது. அணை கட்டி நாற்பது வருடம்கூட ஆகாத அந்த ஏரிக்குக் கதை ஏது? கைடே கட்டிவிட்டார். பார்வைக் கோபுரம், அக்கரையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காக அணை இன்ஜினியர் எழுப்பியது; அவளையே கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அவளிடமிருந்து தப்பிக்க அதிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். படகுத்துறைக்கு நேர் கீழே ஒரு சினிமா கொட்டகை மூழ்கிக் கிடக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இடைவேளை மணி கேட்கும். பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கும்.

போன வாரம் வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பொய்த் தகவல் பரப்புவதாக இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்றார் மேனேஜர். நாற்பத்தொன்பது வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

கோபுரத்தடியில் பஸ் நின்றது.

"உயரம் நூத்தி இருபது அடி. படிகள் நூத்தி அறுபத்தெட்டு. ஏறுறவங்க கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க" என்று ஒப்பித்தார் கைடு.

"சார், கணக்கு வகுப்புல உட்கார்ந்த மாதிரியே இருக்கு" என்று கொட்டாவி விட்டான் ஒரு புதுமாப்பிள்ளை. அவன் மனைவி அவனைக் கிள்ளினாள்.

அந்தப் பெண்மணி ஏறவில்லை. கைடின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தக் கோபுரத்துக்கு ஏதோ இன்ஜினியர் கதை இருக்குதாமே?"

கைடு ஓரடி பின்வாங்கினார். புகாரை வரி விடாமல் படித்துவிட்டு வந்திருக்கிறாரே!

"கதையெல்லாம் இல்லீங்கம்மா. யாராவது கிளப்பி விட்டிருப்பாங்க."

அவர் முகம் வாடியது. ஆள் சிக்கவில்லையே என்ற ஏமாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டார் கைடு.

படகுத்துறையில் எல்லோரும் படகுக்கு வரிசையில் நிற்க, அந்தப் பெண்மணி மறுபடியும் வந்தார்.

"தண்ணிக்கு அடியில சினிமா கொட்டகை இருக்குன்னு நீங்க சொன்னதே இல்லையா?"

"இல்லவே இல்லீங்க."

"விளையாட்டுக்கு? ஒரே ஒரு தடவை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தூண்டிலை எவ்வளவு நைசாகப் போடுகிறார்! தூரத்தில் டிரைவர் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"விளையாட்டுக்குக்கூட இல்லீங்கம்மா. அணை வர்றதுக்கு முன்னாடி இது வெறும் முள்ளுக்காடு. தண்ணிக்கு அடியில ஒண்ணுமே கிடையாது."

"இந்த பஸ்ஸுக்கு வேற கைடு யாராவது?"

"மூணு வருஷமா நான் ஒருத்தன்தான்."

"வர்றவங்க பேரை எழுதி வைப்பீங்களா?"

"டிக்கெட் கிழிக்கிறதோட சரிங்க. முகமே நினைவிருக்காது."

கடைசி இடம் பறவைத் தீவு. ஆயிரம் நாரைகள் ஒன்றாக எழும்பின. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். அவர் மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"அந்தக் கதையெல்லாம் நீங்க சொன்னதில்லைன்னு அவ மேல சத்தியம் பண்ணுவீங்களா?"

வேலை, வீடு, மகளின் படிப்பு எல்லாம் ஒரு நொடி கைடின் கண்முன் வந்து போயின.

"என் பொண்ணு மேல சத்தியமாங்க."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாஸாயிட்ட மாப்ள!" என்று கிசுகிசுத்தார் டிரைவர்.

நகரத்தில் பஸ் நின்றது. அந்தப் பெண்மணி கடைசியாக இறங்கினார். கைடு அவருக்கு முன்னால் குதித்திறங்கி, கைகட்டி நின்றார்.

"மேடம், ஆபீஸ்ல நம்மளைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லிடுங்க."

"எந்த ஆபீஸ்? நான் சும்மா வந்தவ" என்றார் அவர். "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் இந்த பஸ்ல ஏரியைச் சுத்திட்டு வந்ததா சொன்னார். கோபுரத்துக் கதை, கொட்டகைக் கதை எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துட்டார்."

கைடின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

"அன்னிக்கு அவர் வேற ஒருத்தி வீட்டுல இருந்தார்னு துக்கத்துக்கு வந்த என் ஓரகத்தி சொன்னா. நான் நம்பல" என்றார் அவர். "இப்ப நம்புறேன்."