பத்து மீட்டர் மல்லிகை

கணினியில் பத்து மீட்டர் மல்லிகை இருந்தது. குளிர் அறையில் ஒரு மொட்டுகூட இல்லை.

ஃப்ளோரா கதவை மூடிவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். மறுபடி போய்க் கதவைத் திறந்து பார்த்தாள்.

நேற்றும் பத்து மீட்டர்தான். முந்தாநாளும்.

தினமும் காலையில் அதைக் ‘காணவில்லை’ என்று பதிந்தால்தான் மென்பொருள் அடுத்த வேலைக்கு விடும். பதிபவரின் பெயர் பக்கத்தில் தானாக விழும்.

மயிலாப்பூரில் கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்து தரும் அந்த நிறுவனத்தில், ஸ்டோர் பொறுப்பாளராக அவள் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. குளிர் அறைச் சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

அதற்கு முன் இருபது வருஷம் சாந்தோமில் ஒரு பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதினாள். பள்ளியை மூடிய பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு வேலை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே சேர்ந்ததிலிருந்து அவள் தலையில் பூ வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட.

இன்று காலை மேலாளர் பரத்வாஜ் அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

“நீங்க நாலாவது ஆளு, ஃப்ளோரா. முன்னாடி இருந்த மூணு பேரும் இப்படித்தான் முழிச்சா. நாளைக்கு ஆடிட்டர் வரார். பூ எங்க போறதுன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்.”

தெரியாவிட்டால், அந்த மூன்று பேர் போன வழிதான்.

மென்பொருள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அதை அவளுக்குப் பிடித்திருந்தது. அது எதையும் மறப்பதில்லை. ஆனால் சொன்னதை அப்படியே நம்பிவிடும். பூக்காரி இசக்கியம்மாள் சரம் கொண்டுவந்தால் வரவு. அலங்கார ஆட்கள் எடுத்துப்போனால் செலவு. வரவில் செலவு போக மீதி, கையிருப்பு. இதில் எங்கே ஓட்டை?

செலவைப் பார்த்தாள். ஆட்கள் அவள் கண்முன்னே டேப்பு பிடித்து அளந்து எடுத்தது, எண்பத்திரண்டு மீட்டர். சரி.

வரவைப் பார்த்தாள். தினமும் இருபது பந்து, பந்துக்குப் பத்து முழம். எண்ணி வாங்கியதே அவள்தான். இருநூறு முழம். அதுவும் சரி.

 

திருடுகிறவன் ஒருநாள் எட்டு மீட்டர் எடுப்பான், ஒருநாள் பதினைந்து எடுப்பான். ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்துவிடுவான். பன்னிரண்டு நாளும் சொல்லிவைத்தாற்போல் பத்து மீட்டர் யார் எடுப்பார்கள்?

வரவு முழத்தில் இருக்கிறது. செலவு மீட்டரில் இருக்கிறது.

நடுவில் எங்கேயோ முழம் மீட்டராக மாறுகிறது.

அந்த இடத்தைத் தேடி ஒவ்வொரு திரையாகத் திறந்தாள். ஆறாவது திரையில் இருந்தது.

‘1 முழம் = 0.46 மீட்டர்.’

இருநூறு முழத்துக்குத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் வருகிறது. கணக்கில் பிழை இல்லை.

பத்து மணிக்கு இசக்கியம்மாள் வந்து கூடையை இறக்கினாள். அவள் வீட்டில் நாலு பேர் பூ கட்டுவார்கள். முழம் போடுவது மட்டும் அவள்தான்.

ஃப்ளோரா அவள் கையைப் பிடித்து, முழங்கையில் டேப்பை வைத்து நடுவிரல் நுனிவரை இழுத்தாள்.

“இன்னாம்மா, வளையல் எடுத்துத் தரப் போறியா? அதுக்கு மணிக்கட்ட இல்ல அளக்கணும்!” இசக்கியம்மாள் சிரித்தாள். குள்ளமான பெண். கூடை இறங்கியதும் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள்.

நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

முழத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது. இருநூறு முழத்துக்கு ஆயிரம் சென்டிமீட்டர்.

பத்து மீட்டர்.

பூ எங்கேயும் போகவில்லை. அது வரவே இல்லை.

ஃப்ளோரா நாற்காலியில் உட்கார்ந்தாள். இசக்கியம்மாள் பந்துகளை எடுத்து வைத்தபடியே சொன்னாள்: “இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி வந்த அன்னிக்கு சாரும் இப்பிடித்தான் டேப்பு வச்சிக்கினு அளந்தாரு. எங் கைய இல்லம்மா, அவரு கைய.”

0.46 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை ஃப்ளோரா அப்போதுதான் படித்தாள். ‘பதிந்தவர்: பரத்வாஜ்.’ இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி.

‘காணவில்லை’ பட்டியலைத் திறந்து கீழே உருட்டினாள். ஃப்ளோரா, ஃப்ளோரா, ஃப்ளோரா. பிறகு லிசா. பிறகு ரூஹி. பிறகு வால்டர். எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் பத்து மீட்டர்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பரத்வாஜ் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆறடி மனிதர். ஊன்றிய முழங்கையிலிருந்து அவருடைய கை நெடுக மேலே போயிற்று.

எண்ணை மாற்ற ஸ்டோர் பொறுப்பாளருக்கு அனுமதி இருந்தது. மாற்றினால் முதலில் பதிந்தவருக்குத் தகவல் போகும் என்று திரை சொன்னது. காரணம் எழுதாவிட்டால் சேமிக்காது என்றும் சொன்னது.

அவள் விரல் விசைப்பலகை மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடித்தாள்.

‘விற்பனையாளர்: இசக்கியம்மாள். 1 முழம் = 0.41 மீட்டர்.’

‘காரணம்: பழைய எண் பரத்வாஜ் சாரின் கை அளவு. பூவை அளப்பது இசக்கியம்மாளின் கை.’